பூதம் யாரைப் பிடிக்கிறது?

ரெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள மண்ணுக்குப் பூதங்கள் புதிதல்ல. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் பெரும்பரப்பு சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்தது. சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் சிப்பியும் சுருள் ஓடும் கல்லாகிப்போய் இன்றும் அகப்படுகின்றன. இதே மாவட்டத்தின் கல்லமேடு ஊரருகே கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் ஒரு டைனோசரை உலகுக்கு அறிவித்தார்கள். பேருடல் கொண்ட பல்லி என்ற பொருளில் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். அதன் கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம். உலகில் நடமாடிய மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும் என்று 2023இல் வந்த மறு ஆய்வும் சொல்கிறது. ஆனால் எலும்புகள் நிலைக்கவில்லை. மழையும் ஈரமும் அவற்றைப் பொடியாக்கிவிட்டன. மிஞ்சியவை சில படங்களும் அளவுகளும்தான்.

இப்படிப்பட்ட மண்ணில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு தீவு, ஏதோ ஓர் ஆய்வுக்கூடம், ரப்பர்த் தோல் போர்த்திய ஏதோ ஒரு மிருகம். தமிழில் குரல் கொடுத்திருக்கிறார்கள். வாய் ஒரு பக்கம் அசைய, பேச்சு ஒரு பக்கம் வருகிறது. ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா எட்டிப் பார்க்கிறார். இதையெல்லாம் இவன் பார்க்கலாமா என்று அவருக்குத் தோன்றுகிறது. பிடுங்கி வைப்பதா, போகட்டும் என்று விடுவதா என்று தெரியவில்லை. அந்தத் தயக்கம் நியாயமானது. அதற்கு உதவக்கூடிய ஒரு வழியைத் தேடுவதே இங்கே என் வேலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பைச் சட்டமே அந்த அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டது. 1983 முதல் நாற்பது ஆண்டுகள் ‘யு/ஏ’ என்று ஒரே முத்திரையாக இருந்ததை, 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் மூன்றாகப் பிரித்தது: 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல். பதின்பருவத்தின் உள்ளேயே 13க்கும் 16க்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது நம் தணிக்கை வரலாற்றில் அதுதான் முதல் தடவை. நல்ல மாற்றம். ஆனால் அந்த எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. பெற்றோரோ பாதுகாவலரோ தவிர வேறு யாரும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. ‘ஏ’ முத்திரைக்கு மட்டுமே அந்தக் கதவு உண்டு. கைபேசியில் ஏற்றிவிடப்பட்ட பழைய டப்பிங் படத்திலோ சான்றிதழ்ப் பக்கமே பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். அப்பாவின் கையில் ஒரு எண்கூட இருக்காது.

எண் இருந்தாலும் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்குத் தமிழ் சினிமாவிலேயே ஓர் அருமையான சான்று இருக்கிறது.

1951 பிப்ரவரியில் ‘மர்மயோகி’ வெளிவந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கம், எம்.ஜி.ஆர். நாயகன். வாள்வீச்சும் அரண்மனைச் சூழ்ச்சியுமாகப் போகும் அந்தப் படம்தான் தமிழில் முதன்முதலாக ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம். ரத்தமோ ஆபாசமோ காரணமில்லை. பேய்க் காட்சிகள்தான் காரணம். செருகளத்தூர் சாமா அரண்மனைக்குள் பேயாக உலவுகிறார். கதையின்படி அவர் பேயே அல்ல. அஞ்சலி தேவி நடித்த ஊர்வசியின் சதியில் இறந்துபோனதாக எல்லோரும் நம்பும் அரசர்தான் அவர். பிழைத்து வந்து, குற்றவாளியின் நெஞ்சைக் குடைய வேடம் போடுகிறார். அந்தப் ‘பேய்’ பயமுறுத்துவது குற்றம் செய்தவளை மட்டும். பாட்டி சொல்லும் கதையில் வருகிற பேயைவிட ஒழுங்கான பேய் அது. அப்படியிருந்தும் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று முத்திரை விழுந்தது.

தணிக்கை செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களுக்குக் கொடுத்தது ‘யு’, ‘ஏ’ என்ற இரண்டே பெட்டிகள். பிரிட்டனில் 1932 முதல் திகில் படங்களுக்கென்றே ‘எச்’ என்ற தனி எழுத்து வைத்திருந்தார்கள்; அதே 1951இல்தான் அதைக் கைவிட்டு ‘எக்ஸ்’ என்று மாற்றினார்கள். பேய் தெரிந்தால் பிள்ளை பயப்படும், பயம் பிள்ளைக்குக் கெடுதல் என்ற எண்ணம் அன்று உலகெங்கும் இருந்தது. திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்தார்கள். தெரிவது கதைக்குள் என்ன செய்கிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது. 1991இல் வகுக்கப்பட்ட நம் தணிக்கை வழிகாட்டு நெறிகளிலும் திகில் என்பது வன்முறை, கொடூரம் ஆகியவற்றோடு ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. தனியாக அது என்ன, யாருக்கு எப்போது கெடுதல் என்ற விளக்கம் இல்லை.

பயத்தைப் பற்றிய ஆய்வுகள் வேறு ஒரு கதையைச் சொல்கின்றன.

1933இல் டைசிங்கர், ரக்மிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், படம் பார்க்கும் பிள்ளைகளின் விரல்களில் மின்கம்பியைப் பொருத்தித் தோலின் மின்மாற்றத்தை அளந்து வெளியிட்டார்கள். ஆபத்துக் காட்சிகளுக்குச் சிறு பிள்ளைகளின் உடல்தான் மிக அதிகமாகத் துள்ளியது. வயது ஏற ஏற அது தணிந்தது. காதல் காட்சிகளுக்கோ நேர்மாறு: பதினாறு வயதை ஒட்டி உச்சம். அரை நூற்றாண்டு கழித்து ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதையே வேறு வழியில் காட்டினார்கள். ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடரில் சாதாரண மனிதன் பச்சை ராட்சசனாக உருமாறும் இடத்தில்தான் மழலைகள் அலறின. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த இடம் நிம்மதி தருவது, ஏனென்றால் அவன் காப்பாற்ற வருகிறான் என்று அவர்களுக்குத் தெரியும். 1983இல் அணுகுண்டுப் போரைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி டே ஆஃப்டர்’ என்ற படம் ஓடியபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. அதில் பயங்கர உருவம் ஏதுமில்லை. சின்னஞ்சிறுசுகள் அதிகம் கலங்கவில்லை. பதின்பருவத்தார் கலங்கினார்கள், பெற்றோர் எல்லோரையும்விடக் கலங்கினார்கள்.

ஆக, ஐந்து வயதில் உருவம் பயமுறுத்துகிறது. பதினான்கு வயதில் பொருள் பயமுறுத்துகிறது. மலிவான பூதப் படத்தைப் பார்த்தவுடன் நம் கண் நேராக அந்தப் பூதத்திடம் போகிறது. எத்தனை பல், எவ்வளவு ரத்தம் என்று எண்ணத் தொடங்குகிறோம். பதின்பருவப் பிள்ளையைப் பொறுத்தவரை அந்தப் படத்தில் மிகவும் தீங்கற்ற பொருள் அந்தப் பூதம்தான்.

இதை நம் சேலத்திலிருந்தே காட்டலாம். 1952இல் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. வில்லியம் பெர்க் இயக்கம். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் நடித்தார்கள். காட்டு யானைகள் ஏன் வெறிகொண்டு ஓடுகின்றன என்று தேடிப் போகிற கூட்டம், அழிந்துபோனதாக நினைத்த சடையானைகளைக் கண்டுபிடிக்கிறது. சடையானைக்கு எங்கே போவது? நம் ஊர் யானைகளுக்கே கம்பளி ரோமத்தைப் போர்த்தி நடக்கவிட்டார்கள். குறைந்த செலவில் எடுக்கும் பூதப் படத்தின் சூத்திரம் முழுவதும் அந்த ஒரு காரியத்தில் அடங்கியிருக்கிறது. அந்த யானைகள் திரையில் வரும்போது இன்றைய எட்டாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும். கம்பளி எங்கே தைத்திருக்கிறார்கள் என்று தேடும். அந்தத் தேடல் நல்லது. படம் என்பது கையால் செய்த பொருள் என்று பிள்ளைக்கு அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது. கோடிகள் கொட்டிக் கணினியில் செய்த பூதத்தில் அந்தத் தையல் தெரியாது. ‘அவ்வளவும் பொய்’ என்று தன்னைத் தேற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் தேவைப்படும் பிள்ளைக்கு மலிவுப் படம் அதைத் தானாகவே கொடுத்துவிடுகிறது. குறைந்த செலவு என்பதற்காகவே ஒரு படத்தைத் தாழ்வாக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் பணமில்லாமை இன்னொரு பக்கமும் இழுக்கும். ரப்பர் முகமூடியை இரண்டு மணி நேரம் காட்ட முடியாது. காட்டினால் குட்டு உடைந்துவிடும். மிச்ச நேரத்தை எதைக்கொண்டு நிரப்புவது? நல்ல கலைஞன் இருட்டையும் சத்தத்தையும் காத்திருப்பையும் கொண்டு நிரப்புவான். அவை மூன்றும் மலிவானவை, மூன்றும் வலிமையானவை. மற்றவர்கள் நிரப்பும் பொருளும் மலிவானதுதான்: பெண்ணுடல்.

இந்தியில் ராம்சே சகோதரர்களின் கதை இதற்குப் பாடம். 1970இல் அவர்கள் குடும்பம் எடுத்த ஒரு படம் தோற்றது. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் பயங்கர முகமூடி அணிந்து அருங்காட்சியகத்தில் திருடப் போகும் ஒரு காட்சிக்காக மட்டும் ஜனங்கள் வந்து போவதைக் கவனித்தார்கள். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் 1972இன் ‘தோ கஸ் ஸமீன் கே நீச்சே’. சொந்தக் குடும்பமே குழுவாக, மிகச் சொற்பச் செலவில் எடுத்த படம். அங்கிருந்து 1984இல் ‘புரானா மந்திர்’ படத்தின் சாம்ரி என்ற நெடிய உருவம் வரை வந்தார்கள். பாழடைந்த மாளிகை, புகை, இடி, அனிருத் அகர்வாலின் முகம் என்று உருவத்தைப் பொறுத்தவரை அவர்கள் உண்மையான உழைப்பாளிகள். ஆனால் பூதம் வராத நேரங்களில் கேமரா குளியலறைக்குப் போனது. பயமும் காமமும் ஒரே காட்சியில் தைக்கப்பட்டன. பார்க்கும் பையனின் உடலில் இரண்டு துடிப்பும் ஒரே நேரத்தில் எழும். எது எதனால் என்று பிரித்தறியும் வயது அவனுக்கு இல்லை. பதினாறை ஒட்டிய உடல் எதற்கு அதிகம் துள்ளுகிறது என்று 1933ஆம் ஆண்டு ஆய்வு சொன்னதை இங்கே நினைவுகூர வேண்டும். என் அளவில், மலிவான பூதப் படங்களில் பதின்பருவத்துக்கு ஆகாத பொருள் எதுவென்று கேட்டால், கோரைப்பல்லுக்கும் குடலுக்கும் முன்பாக இந்தத் தையலைத்தான் சொல்வேன்.

யாரோடு சேர்ந்து பார்க்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. 1986இல் டோல்ஃப் ஸில்மான் குழுவினர் கல்லூரி மாணவர்களை எதிர்பாலினத் துணையோடு உட்காரவைத்துத் திகில் படம் காட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் நடுங்கியபோது ஆண்களுக்குப் படம் அதிகம் பிடித்தது. பக்கத்தில் இருந்த ஆண் நடுங்கியபோது பெண்களுக்குப் படம் பிடிக்கவில்லை. படம் ஒன்றேதான். பயப்படாதவன் ஆண், பயப்படுகிறவள் பெண் என்ற ஒத்திகைக்கு அந்தப் படம் மேடையானது. ஊர் மதகுக் கட்டையில் நான்கு பையன்கள் ஒரே கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து பேய்ப் படம் பார்க்கும்போதும் அதே ஒத்திகைதான் நடக்கிறது. யார் கண்ணை மூடினான் என்று மறுநாள் பள்ளியில் பேச்சு. உண்மையிலேயே பயந்துபோன பையன் அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவனுக்குப் படத்தைவிட அந்த மௌனம்தான் பாரம்.

இனி மையக் கேள்விக்கு வருகிறேன். பூதத்தின் உருவத்தை விட்டுவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? அதன் நியாயத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது, ஏன்?

நம் மரபில் பயமுறுத்தும் உருவங்களுக்கு எல்லாம் ஒரே பெயர் இருந்ததில்லை. பேய் ஒரு காலத்தில் மனிதர். பூதம் காவல் காக்கும். அரக்கனுக்குக் குலமும் நாடும் உண்டு. காட்டேரிக்கும் முனிக்கும் இடமும் நேரமும் உண்டு. உச்சிப்பொழுதில் புளியமரத்தடிக்குப் போகாதே என்றால், மற்ற நேரத்தில் போகலாம் என்றுதான் பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் போலித் தவசியையும் பொய்ச்சாட்சி சொல்பவனையும் பிறன்மனை விரும்புகிறவனையும் புறங்கூறுகிறவனையும் பாசத்தால் கட்டிப் புடைத்துத் தின்னும். ஒழுக்கம் தவறிய பெண்ணும் அதன் பட்டியலில் உண்டு. அந்தக் காலத்து நியாயம் அந்தப் பூதத்துக்குள்ளும் இருந்தது. ஆனால் நியாயம் என்ன என்று ஊருக்கே தெரியும். தெரிந்ததால் அதை ஏற்கவும் மறுக்கவும் முடியும்.

மலிவான பூதப் படத்திலும் இப்படி ஒரு நியாயம் கட்டாயம் இருக்கிறது, சொல்லப்படாமல். எழுதியவரே யோசிக்காமல் எழுதியிருப்பார். அதனாலேயே அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். முதலில் சாவது யார் என்று கவனியுங்கள். பல படங்களில் இரவில் காதலனோடு தனியே போன பெண். அடுத்தது கருத்த, ஏழை வேலைக்காரர். அவர் சாவுக்கு யாரும் அழுவதில்லை, அந்தச் சாவு வெறும் எச்சரிக்கை மணி. கடைசிவரை பிழைப்பது அடங்கிய பெண்ணும் சண்டை போடத் தெரிந்த ஆணும். பதினான்கு வயதுப் பிள்ளை அந்த மிருகத்தை நம்பாது. ஆனால் இந்த வரிசையை ஐந்து படத்தில் பார்த்தால் உலகமே அப்படித்தான் என்று நம்பிவிடும். பூதம் மறந்துபோகும், பட்டியல் தங்கிவிடும்.

பூதத்துக்கு யாருடைய உடலைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் அந்த நியாயத்தின் பகுதிதான். ஒப்பனைக்குப் பணமில்லாத படம் கையில் இருக்கும் மனித உடலையே பூதமாக்கும்: கிழவியின் சுருக்கம், தீக்காயம், கூன், மாறுகண். தன் உடலையே புதிதாகப் பார்த்துக் கூசிக்கொண்டிருக்கும் வயதுப் பிள்ளைக்கு, இப்படி இருந்தால் நீ அருவருப்பு என்று அது சொல்கிறது. அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு இதற்கு நேர் எதிரான காட்சி பக்கத்திலேயே கிடைக்கிறது. கங்கைகொண்டசோழபுரத்துக் கோயிலில் ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பவர் காரைக்காலம்மையார். அழகிய உடலை உதறிப் பேயுருவை விரும்பிக் கேட்டு வாங்கியவர், தன்னைப் பேய் என்றே பாடல்களில் சொல்லிக்கொண்டவர். அதே ஊரைத் தலைநகராகக் கொண்ட குலோத்துங்க சோழனின் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டாரின் பரணியில் பசியில் வாடிய பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துக் குடிக்கின்றன. கோரம் என்றால் அப்படியொரு கோரம். ஆனால் அந்தப் பேய்களுக்குப் பசி இருக்கிறது, பேச்சு இருக்கிறது, கேலி இருக்கிறது. ரத்தம் மிகுந்த ஒன்று எப்போது கலையாகிறது என்பதற்கு அதைவிடப் பழைய விளக்கத்தைத் தேட வேண்டியதில்லை. இன்றைய படங்களிலும் அந்த வழி அற்றுப்போகவில்லை. 2011இல் ராகவா லாரன்ஸ் எடுத்த ‘காஞ்சனா’வில் பேயாக வருவது சரத்குமார் நடித்த ஒரு திருநங்கை. சத்தமும் கூச்சலும் நிறைந்த படம்தான். இருந்தாலும், அந்தப் பேய்க்கு ஏன் கோபம் என்று அது கேட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளையும் அந்தக் கோபத்தின் பக்கம் நிற்க முடிந்தது.

நியாயமே இல்லாத பூதம் ஒன்று உண்டு. அதுதான் வயதுக் கோட்டைத் தீர்மானிக்கும் சிக்கலான இடம்.

1968இல் ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் பகுதியில் நண்பர்களோடு சேர்ந்து ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எடுத்தார். செலவு சுமார் 1,14,000 டாலர். படம் அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. அமெரிக்காவின் வயதுத் தரவரிசை முறை நடைமுறைக்கு வந்ததோ நவம்பர் 1 அன்று. அந்த ஒரு மாத இடைவெளியில் நழுவிப்போன படம் பிள்ளைகளின் பகல் காட்சிகளில் போய் விழுந்தது. அப்படி ஒரு காட்சியில் உட்கார்ந்திருந்த விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1969 ஜனவரியில் தாம் கண்டதை எழுதினார். தொடக்கத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டுக் கொண்டாடினார்கள். அவர்கள் பழகிய ரப்பர்ப் பூதப் படம் என்றே நினைத்திருந்தார்கள். போகப்போக அரங்கம் அடங்கிப்போயிற்று. ஒன்பது வயதிருக்கும் சிறுமி ஒருத்தி அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அந்தப் படத்திலும் நடந்து வருகிற பிணங்களின் ஒப்பனை சாதாரணமானதுதான். அந்தப் பிள்ளைகளை நிலைகுலைய வைத்தது வேறு. அதில் பெற்ற மகளே தாயைக் கொல்கிறாள். நல்லவர்கள் நல்லவர்கள் என்பதற்காகத் தப்பவில்லை. இரவு முழுவதும் அறிவோடும் தைரியத்தோடும் போராடிப் பிழைத்த நாயகனை, விடிந்ததும் காப்பாற்ற வந்தவர்களே பிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறார்கள். டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் ஏற்ற வேடம் அது. சுடுகிறவர்கள் வெள்ளையர்கள். பூதத்திடமிருந்து தப்பலாம், மனிதரிடமிருந்து தப்ப முடியவில்லை என்று படம் முடிகிறது. வெளியேற வாசல் இல்லை.

ஒன்பது வயதுக்கு அது கொடுமை. பதின்மூன்றுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். பதினாறு, பதினேழு வயதுக்கு அதே முடிவு ஓர் உண்மை. அந்த வயதில் செய்தித்தாள் படிக்கிற பிள்ளைக்கு உலகம் ஏற்கெனவே அப்படித் தெரியத் தொடங்கியிருக்கும். அதைப் பெயர் சொல்லி ஒரு படம் காட்டினால் பிள்ளை தனிமை நீங்கியதாகக்கூட உணரும். எனவே 13க்கும் 16க்கும் நடுவில் சட்டம் போட்ட கோட்டை ரத்தத்தின் அளவைக் கொண்டு நிரப்புவதைவிட முடிவைக் கொண்டு நிரப்புவது பொருத்தம் என்று நினைக்கிறேன். விடிகிறதா? உயிரோடு இருப்பவர்கள் இறந்தவர்களுக்காகத் துக்கப்படுகிறார்களா? நடந்ததற்கு யாராவது பொறுப்பேற்கிறார்களா? இவை இருந்தால் பதின்மூன்று தாங்கும்.

எந்தப் பிள்ளை என்பதும் இருக்கிறது. 1999இல் ஹாரிசனும் கேன்டரும் கல்லூரி மாணவர்களிடம், சிறு வயதில் பார்த்த ஏதாவது காட்சி உங்களை நெடுநாள் அலைக்கழித்ததா என்று கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆம் என்றார்கள். பாதிப் பேருக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தது. நாலில் ஒருவருக்கு அந்தக் கலக்கத்தின் மிச்சம் இன்னும் இருந்தது. ‘ஜாஸ்’ படத்தால் தண்ணீரில் இறங்கவே தயங்கியவர்களும் உண்டு. மறுபக்கம், 2021இல் கோல்டன் ஸ்க்ரிவ்னர் குழுவினர், திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் கொரோனா முடக்கத்தின்போது மனத்தளவில் குறைவாகத் தளர்ந்ததாகக் கண்டார்கள். படம் அவர்களைத் திடப்படுத்தியதா, திடமானவர்கள்தாம் அந்தப் படங்களைத் தேடிப் போகிறார்களா என்பது அதிலிருந்து தெளிவாகாது. இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது: ஒரே காட்சி ஒரு பிள்ளைக்குப் பயிற்சி, இன்னொரு பிள்ளைக்குக் காயம். வீட்டில் அண்மையில் சாவு விழுந்த பிள்ளை, அடி வாங்கிய பிள்ளை, விபத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை இவர்களுக்குப் பூதப் படம் வேறு அர்த்தம் கொள்ளும். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளத்தில் மழைநீர் ஏரிபோல் தேங்கி நிற்கும் வட்டாரத்தில், தண்ணீருக்கடியிலிருந்து காலைப் பிடித்து இழுக்கும் மிருகம் வெறும் கற்பனையாகப் பிள்ளைக்குப் படாது. படம் எடுத்தவருக்கு இது தெரியாது. சான்றிதழ் கொடுத்தவருக்கும் தெரியாது. வீட்டில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

அப்படியானால் ஷிப்ட் முடித்து வந்த அந்த அப்பா என்ன செய்யலாம்? இரண்டு மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. கடைசிப் பதினைந்து நிமிடத்தை முதலில் பார்க்கட்டும்; வாசல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு நடுவில் எங்காவது சத்தத்தை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கட்டும். சத்தம் போனால் பயம் போய்விடும். கேமரா எதை உற்றுப் பார்க்கிறது என்பது மட்டும் மிஞ்சும். அது பெண்ணின் உடலைத் தடவிக்கொண்டிருந்தால், மிருகம் எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் அந்தப் படம் வேண்டாம்.

மூன்றாவது வழியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். பிள்ளை பார்த்துவிட்டால், திட்டாமல் கதையைச் சொல்லச் சொல்ல வேண்டும். “யார்டா மொதல்ல செத்தது? ஏன் அவன மட்டும் புடிச்சுது?” என்று சாப்பிடும்போது கேட்டால் போதும். சொல்லும்போது பிள்ளையே அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்துவிடும். “அந்தப் பொண்ணு ஒன்னுமே செய்யலப்பா, சும்மாதான் புடிச்சுது” என்று ஒரு பையன் வாயால் வந்துவிட்டால் படத்தின் விஷம் பாதி இறங்கியது என்று பொருள். சொல்ல மறுத்தாலும், ஓரிடத்தில் தயங்கினாலும், அந்த இடம்தான் அவனைத் தைத்திருக்கிறது. கதை சொல்லும் பாட்டியிடம் இந்த வித்தை இருந்தது. காட்டேரி வந்தது என்று நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அதற்கேற்பக் காட்டேரியை வளர்ப்பார் அல்லது விரட்டுவார். திரைக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. அந்த வேலையைப் பக்கத்தில் இருப்பவர்தான் செய்ய வேண்டும்.

நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் இப்படிச் சொல்வேன். ‘மர்மயோகி’க்கு 1951இல் விழுந்த ‘ஏ’ முத்திரையைப் பத்து வயதுப் பிள்ளைக்கே எடுத்துவிடலாம். ராம்சே படங்கள் பதினெட்டுக்குக் கீழே வேண்டாம். சாம்ரிக்காக இல்லை, குளியலறைக்காக. ரொமேரோவின் படம் பதினாறில், பெரியவர் ஒருவர் கூட இருக்க, இரவில் வேண்டாம், பகலில். 1989இல் வேலு பிரபாகரன் எடுத்த ‘நாளைய மனிதன்’, செத்தவனை மருந்தால் எழுப்பப் போய் ராட்சசனை எழுப்பிவிடும் மருத்துவரின் கதை. அதைப் பதினைந்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்து, குற்றம் எழுந்தவன் மேலா எழுப்பியவர் மேலா என்று விவாதிக்க எனக்கு ஆசை.

பதின்மூன்று வயதில் முதல் பூதப் படம் கேட்கும் ரெட்டிபாளையத்துப் பிள்ளைக்கு, கிடைத்தால், சேலத்து யானைகளைக் காட்டுவேன். கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அந்தத் தும்பிக்கையைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகு, மறுநாள் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போவேன். வரும் வழியில் கல்லமேட்டு எலும்பு பொடியாகிப்போன கதையைச் சொல்லி, அந்த மிருகத்தை வைத்துப் படம் எடுப்பதென்றால் யாரை முதலில் பிடிக்கவிடுவாய் என்று கேட்பேன்.